பெயர் அழித்து அனுப்பிய கோழிக் கதை

இரண்டு மாதத்துக்கு முன் கவரைப்பேட்டையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ஹோட்டல் மாடியில் எனக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. விழா என்பது பெரிய சொல். கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி செய்யும் ஆலையொன்றில் என்னோடு வேலை பார்த்தவர்கள் கூடி, கேக் வெட்டி, பிரியாணி சாப்பிட்டார்கள். காரணம், நான் எழுதிய சிறுவர் சரித்திர நாவல். அது அப்போது அச்சாகியிருக்கவில்லை. பதிப்பகம் முன்வாசிப்புக்காகச் சில பிரதிகளை ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கொடுத்திருந்தது. அவற்றை வாங்கிப் போனவர்களிடமிருந்து பாராட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. கேக் அதற்காகத்தான்.

கேக்கை வாயில் வைக்கும்போதே, ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் கேட்டார். "மேடம், சர்வீஸ் பூரா கம்பிய வளைச்சி ஒடச்சிக்கினு இருந்தீங்க. சரித்திரக் கதை எப்படி மேடம் எழுத வந்துது?"

நான் பதில் சொல்வதற்குள் கொள்முதல் பிரிவுக் குமார் எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நான் ஒண்ணு சொல்லியே ஆவணும். அந்தக் கோழி செத்துப்போற எடத்துல அழுதுட்டேன் மேடம். சத்தியமா சொல்றேன், மனச உலுக்கி வுட்டுடுச்சி."

எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் செல்வராஜுக்கு மட்டும் பிரியாணி புரையேறியது. ஏனென்றால் என் கதையில் கோழி சாகவில்லை. கடைசிப் பக்கத்தில் அது ஒரு டச்சுக்காரரின் தொப்பிக்குள் முட்டையிடுகிறது.

அன்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலையும், குமாரின் கண்ணீர் என்னைக் கொண்டுபோய்விட்ட இடத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அந்த ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். பொன்னேரியில் ஏறி, இரண்டு ஸ்டேஷன் தள்ளி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் சிப்காட் தொழிற்பேட்டை வரை போவேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் குடுவை கழுவினேன். பிறகு இரும்புத்தூள் எடை போட்டேன். பிறகு ஒரு நாள் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் வேலை கற்றுக்கொண்டேன் என்றால் அதற்குப் பிறகுதான், எங்கள் பிரிவுத் தலைவர் தாமோதரன் சாரிடம்.

சார் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு காடாத் துணி. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நல்ல முடிவு வந்தால் "சரி" என்பார். கெட்ட முடிவு வந்தாலும் அதே "சரி"தான். அந்த இரண்டு சரிக்கும் குரலில் வித்தியாசம் இருக்கிறதா என்று நாங்கள் பந்தயம் கட்டியிருக்கிறோம். யாரும் ஜெயித்ததில்லை.

உருக்காலையிலிருந்து வெட்டி வரும் கம்பித் துண்டுகளில் எந்த ஷிப்டுடையது என்று பெயின்டால் குறி போட்டிருப்பார்கள். சார் அவற்றை நேராக எங்களிடம் தரமாட்டார். தன் அறைக்குள் கொண்டுபோய், அந்தப் பெயின்டைச் சாணைச் சக்கரத்தில் அழிப்பார். பிறகு தன் கையாலேயே வேறு எண் குத்துவார். எந்த எண் யாருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாச் சோதனையும் முடிந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்வார். வேறு ஆலைகளில் இந்த வழக்கம் இல்லை. எங்கள் ஆலையிலும் அவருக்கு முன்னால் இருந்ததில்லை.

"ஏன் சார் இவ்ளோ மெனக்கெடுறீங்க? நாங்க இன்னா, பொய்யா எழுதப்போறோம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய் எழுதமாட்டம்மா. ஆனா வேண்டியவங்க கம்பின்னா வெளிச்சத்துல ஒரு தரம் கூடுதலாத் திருப்பிப் பாப்ப. வேண்டாதவங்க கம்பின்னா பாக்கமாட்ட. எண் போட்டுட்டா அது யாரோடதும் இல்ல. வெறும் கம்பி."

கம்பியைச் சோதிப்பதில் எனக்குப் பிடித்தது வளைவுச் சோதனைதான். கம்பியை ஓர் உருளையில் வைத்து, எந்திரம் மெதுவாக அழுத்தும். கம்பி கொண்டை ஊசி மாதிரி வளையும்வரை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் முடிவு தப்பாகிவிடும். வளைந்ததும் வெளிப்புறத்தைக் காடாத் துணியால் துடைக்க வேண்டும். முதலில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு கட்டைவிரலால் தடவ வேண்டும், பிறகுதான் பூதக்கண்ணாடி. நல்ல கம்பி வளைந்த பிறகும் மழமழவென்று இருக்கும். கெட்ட கம்பியில் முதுகுப் பக்கம் குறுக்கே ஒரு விரிசல் விழும். சில சமயம் அது தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கும். சோதனைத் துண்டு ஒன்று தோற்றால், அதே சரக்கிலிருந்து புதிதாக இரண்டு துண்டு எடுக்க வேண்டும். இரண்டுமே தேற வேண்டும். ஒன்று தேறி ஒன்று தோற்றால் மொத்தச் சரக்கும் தள்ளுபடி.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். செல்வராஜ் அதே ஆலையில் உருக்குப் பிரிவில் ஷிப்ட் பொறுப்பாளர். அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர். லாரிகள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. அன்று வந்த துண்டுகளில் ஒன்று வளையும்போதே முதுகில் பிளந்தது. வேதியியல் முடிவு என் மேஜையிலேயே இருந்தது: பாஸ்பரஸ் அதிகம். பழைய இரும்பில் ஏதோ கலந்து வந்திருக்கிறது. பாஸ்பரஸ் ஏறினால் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முறைப்படி இரண்டு துண்டு மறுபடி எடுத்தோம். முதலாவது மழமழவென்று வளைந்தது. இரண்டாவதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலில் ஏதோ தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். மெல்லிய கோடு.

உற்பத்தி மேலாளர் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். "இன்னா தாமோதரன், ஒண்ணு பாஸ் ஆயிடுச்சாமே. அப்புறம் இன்னா பேஜாரு?"

சார் பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார். மேலாளர் குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "கோடு மாதிரி இருக்குது."

"கோடுதான் சார்."

"ரொம்பச் சின்னக் கோடு."

"ஆமா சார். வீடு கட்டுனப்புறம் பெருசாவும்."

மேலாளர் கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் "சரி" என்றார். அதன்பிறகு, எப்போதும் சொல்கிற அதே குரலில், "அது செல்வராஜ் ஷிப்ட்டும்மா" என்றார்.

கேன்டீனுக்குள் நான் நுழைவதற்கு முன்பே செய்தி நுழைந்துவிட்டது. "வாங்க மேடம், ஊட்டுக்காரர் கம்பியவே ஒடச்சிட்டீங்களாமே! நைட்டு சோறு உண்டா இல்லியா?" என்று ஒருவர். "ஊட்ல சண்டைன்னா ஊட்லயே தீத்துக்கணும், லேபுக்கா கொண்டாருவாங்க?" என்று இன்னொருவர். சிரித்துவைத்தேன். ஆனால் அந்த வருஷம் செல்வராஜுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

அன்று சாயங்கால ரயிலில் கூட்டம். பொன்னேரியில் இறங்கியதும் செல்வராஜ் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "நம்ம கம்பின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

யோசித்தேன். "தெரியல" என்றேன்.

"நல்ல வேள, தெரியல" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அதே மேஜை. சார் ஓய்வு பெற்று மகளோடு பெங்களூரு போனார். அவருடைய சாணைச் சக்கரத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு தானியங்கி எந்திரங்கள் வந்தன. துண்டை வைத்தால் போதும், முடிவு நேராகக் கணினிக்குப் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இனி கோழி. வேலைக்குப் போன காலத்திலேயே, வார விடுமுறை கிடைத்தால் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. அங்கே டச்சுக்காரர் கல்லறைகளில் பார்த்த எலும்புக்கூட்டுச் சிற்பம், எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் படகு வரும், யார் வீட்டில் என்ன மீன் என்று எழுதிவைத்துக்கொண்டே இருந்தேன். அவர்களுடைய கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளும் புதருமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதருக்குள் ஒரு கோழி நுழைந்தது. பின்னாலேயே ஒரு சின்னப் பெண், "ஏய், வாடி வெளியே, உன்னப் பிரியாணி போட்டுருவேன்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கோட்டை நின்றிருந்த காலத்தில் இது நடந்திருந்தால் என்று நினைத்தேன். அவ்வளவுதான். 'கோட்டைக்குள் ஒரு கோழி' அங்கே பிறந்தது. துணி வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்தியின் கோழி, டச்சுக் கோட்டைக்குள் போய்விடுகிறது. உள்ளூர்க்காரர்கள் போக முடியாத அந்த இடத்துக்குள் அவளும் படகோட்டியின் மகனும் எப்படிப் புகுந்து, என்னவெல்லாம் பார்த்து, கோழியோடு எப்படி வெளியே வருகிறார்கள் என்பதுதான் கதை.

ஓய்வுக்குப் பிறகு எழுதி முடித்தேன். பதிப்பகத்தில் ரேவதி என்ற இளம் பதிப்பாசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். "பின்னட்டையில போட நாலு பேர்கிட்ட நல்லதா நாலு வரி வாங்கிக் குடுங்க மேடம்" என்றார். சோழவரத்தில் இருக்கும் என் தூரத்து உறவினர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரு பக்கமே எழுதி அனுப்பினார். ஆறாம் அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை பாராட்டியிருந்தார். பழைய ஆலைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். தலைமையாசிரியர் எழுதியதை இரண்டு நாள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

பிறகு குமார் வந்து கோழியைக் கொன்றார்.

விழா முடிந்து ரயிலில் வரும்போது செல்வராஜ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாராட்டுன அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். யார் சொன்னத நம்புறது?" என்றேன்.

"நான் படிச்சேனே. நல்லா இருக்குது."

"நீங்க சொன்னா செல்லாது."

"இன்னாது! புருசன் சொல்றது கணக்குலயே வராதா? ஒரு தரம் என் கம்பிய ஒடச்ச. இப்ப என் பேச்சையும் ஒடைக்கிற."

நான் எழுதியது குழந்தைகளுக்கு. ஆனால் ஒரு குழந்தையும் அதைப் படித்திருக்கவில்லை. என்னைத் தெரியாத ஒரு குழந்தை அதைக் கடைசிவரை படிக்குமா? படிக்காது என்றால் அதை அச்சுக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் நாலு பிரதிகளின் முதல் பக்கத்தைக் கிழித்தேன். தலைப்பு, என் பெயர், பதிப்பகத்தின் பெயர் எல்லாம் அதோடு போயின.

பழவேற்காட்டில் பாத்திமா என்று எனக்கு ஒரு சிநேகிதி. கடைத்தெருவில் ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும் வைத்திருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகிற கடை. மறுநாள் காலை நாஷ்டா நேரத்துக்கே போய் விஷயத்தைச் சொல்லி, என்னைத் தெரியாத நாலு பிள்ளைகளுக்குத் தரும்படி நாலு பிரதியையும் அவளிடம் கொடுத்தேன். யார் எழுதியது என்று மூச்சு விடக்கூடாது. படிக்கச் சொல்லிக் கெஞ்சக்கூடாது. பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம், நிறுத்திய பக்கத்தின் நுனியை மட்டும் மடித்துத் தரவேண்டும்.

"இன்னாக்கா இது, கதைப் புஸ்தகத்துக்கா இவ்ளோ பந்தோபஸ்து?" என்றாள். ஆனால் சொன்னபடியே செய்தாள்.

பத்து நாளில் நாலும் திரும்பி வந்தன. நாலிலும் நுனி மடிந்திருந்தது. எல்லாம் ஆறாம் அத்தியாயத்திலேயே, முன்னே பின்னே இரண்டு பக்க வித்தியாசத்தில்.

"நல்லாத்தான் போய்க்கினு இருந்துதாம்க்கா," என்றாள் பாத்திமா, என் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம் கோழி எங்கன்னு கேக்குதுங்க. ரொம்ப நேரமா கோழியக் காணோமாம். ஒருத்தன் சொல்றான், இது ஸ்கூல் புஸ்தகம், நீங்க ஏமாத்திட்டீங்க ஆன்ட்டின்னு."

ஆறாம் அத்தியாயம் கோட்டைக்குள் நடக்கும் துணிச் சோதனை. கப்பலில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் விரித்து, இழை எண்ணி, சாயம் தேய்த்து, தள்ளுபடியானதைத் தனியாக வைப்பதை அங்குலம் அங்குலமாக எழுதியிருந்தேன். எழுதும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தலைமையாசிரியர் மூன்று முறை பாராட்டியது அதைத்தான். செல்வராஜிடம் காட்டினேன். மடிந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"நம்ம லேபத் தூக்கிக்கினு போயி கோட்டைக்குள்ள வச்சிட்ட," என்றார். "எனக்குப் புடிச்சிருந்துது. ஆனா நான் சொன்னா செல்லாதே."

ரேவதியைக் கூப்பிட்டு, ஆறாம் அத்தியாயத்தை மாற்ற வேண்டும், அதுவரை அச்சை நிறுத்திவையுங்கள் என்றேன்.

"மேடம், புத்தகக் காட்சி வருது. அந்த அத்தியாயத்தைத்தான் ஹெட்மாஸ்டர் சார் அவ்வளவு பாராட்டியிருக்காரு. அதை எடுத்துட்டா பின்னட்டையில என்ன போடறது? திட்டு வந்து புக்கை நிறுத்தினவங்களைப் பார்த்திருக்கேன். பாராட்டு வந்து நிறுத்தறது நீங்கதான்."

இரண்டு வாரம் அந்த அத்தியாயத்தோடு உட்கார்ந்தேன். முதலில் ஒவ்வொரு வரியாக நீக்கப் பார்த்தேன். ஒன்றையும் நீக்க மனசு வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, துணிக்கிடங்குக்குள் கோழியை விட்டேன். அது சாயத் தொட்டியை மிதித்து, விரித்துவைத்த வெள்ளைத் துணியின் நடுவே நடந்து போகிறது. சிவப்புக் காலடிகள். சோதனை அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். இது கறையா, புதுசாக வந்த பூவேலையா? தள்ளுவதா, ஏற்றுவதா? புது அத்தியாயம் முன்பிருந்ததில் கால் பங்குகூட இல்லை.

தோற்ற சரக்குக்கு மறுசோதனை இரண்டு. இரண்டும் தேற வேண்டும். முன்பு படிக்காத இரண்டு பிள்ளைகளுக்குத் தரச் சொல்லிப் பாத்திமாவிடம் இரண்டு பிரதி கொடுத்தேன், பெயரில்லாமல்.

முதல் பிரதி ஐந்தாம் நாளே வந்துவிட்டது. ஒரு பக்கமும் மடியவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் மீன் குழம்புக் கறை. இரண்டாவது வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இன்னும் சில நாள் ஆயிற்று. ரேவதி தினமும் கூப்பிட்டார். "ஒண்ணு பாஸ் ஆயிடுச்சே மேடம், போதாதா?" என்று அவர் கேட்டபோது, ஆய்வுக்கூடத்து வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல் எனக்குப் பட்டது.

"போதாதும்மா" என்றேன்.

போனில் கேட்டால் பாத்திமாவோ கையை விரித்தாள். "குடுத்த புள்ள ஊட்ல அந்தப் புஸ்தகம் இல்லக்கா. அது எங்க கீதுன்னே தெரியல. படிக்காமத் தூக்கிப் போட்டுட்டுதோ இன்னாவோ."

மறுநாள் நானே பஸ் ஏறினேன். கடையில் கூட்டம். பாத்திமா ஜெராக்ஸ் எந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வாங்க வந்து நின்ற ஒரு பெண்ணிடம், பத்து வயது இருக்கும், மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, கோழி ஒண்ணு கோட்டைக்குள்ள போற கதை, சுருள் கம்பி போட்டது, இங்க யாராச்சும் வச்சிருக்காங்களா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு ஆன்ட்டி?"

"பொன்னேரி."

"பொன்னேரி வரைக்கும் போயிட்டுதா விஷயம்!" என்று அலுத்துக்கொண்டாள். "நான் படிச்சிட்டேன். எங்க அண்ணன் படிச்சிட்டான். இப்ப எங்க மாமா பொண்ணு ஊட்ல கீது. அவ படிச்சிக்கினு கீறா."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதாவா? சாயத்துல கால வச்சிட்டு நடக்கும் பாருங்க, அங்க..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க. சொல்லிட்டா நல்லா இருக்காது."

"கோழி செத்துப்போயிடுமா?"

"எவன் சொன்னான் உங்களுக்கு?" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "படிக்காதவன் எவனாவது சொல்லியிருப்பான்."

எந்திரத்தின் பின்னால் பாத்திமாவின் தோள் குலுங்கியது. அவள் தலையை நிமிர்த்தவேயில்லை.

"எனக்கு அது கெடைக்குமா?" என்றேன்.

அந்தப் பெண் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். "மாமா பொண்ணு முடிச்சதும் ஜமீலாவுக்கு. அப்புறம் கோமதி. அப்புறம் பக்கத்துத் தெரு ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் படிக்கும், சண்டை போட்டுக்கினே. அதுக்கப்புறம் வேணா உங்களுக்கு. நீங்க சீக்கிரமாப் படிக்கிற ஆளா, மெதுவாவா?"

"கொஞ்சம் மெதுவாத்தான்."

"அப்ப உங்களக் கடைசில போட்டுடறேன். பின்னாடி வர்றவங்க எவ்ளோ நாளு காத்துக்கினு இருப்பாங்க?"

"சரிம்மா," என்றேன். "கடைசியிலயே போடு."